ஃப்ரிட்ஜில் இருக்கும் என் பாலிமர்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே அனல். பிசியோ வந்து போனார். நைனா வாசல் வரை ஆறு நடை. கிணற்று மேட்டில் வழுக்கி அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது, இரண்டு ஆபரேஷன். அம்மா இல்லாத வீடு, அண்ணன் ஓசூரில் ஷிப்டு வேலை. பத்து நாள் என்று பாண்டி லேபிலிருந்து செஞ்சிக்கு வந்தேன். ஏழு மாதம் ஆகிறது.

மதியம் ரேவதி போன். லேபில் பக்கத்து மேஜைக்காரி. கைடு சார் ஃப்ரிட்ஜைக் காலி பண்ணச் சொல்லிவிட்டாராம். என் பாலிமர் தூளைத் தூக்கிப் போடுவதற்குள் அதன் சங்கிலிகளோடு இரண்டாவது துண்டைத் தானே சேர்த்துப் பார்க்கட்டுமா என்றாள். நானே வருகிறேன் என்று வாய் வரை வந்தது. சரி என்றேன்.

சங்கிலிகளின் முனையில் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் கந்தகச் சேர்மம் இன்னும் ஒட்டியிருந்தால் மேற்கொண்டு வளரும். உதிர்ந்திருந்தால் என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் முதலிலிருந்து. இன்னொரு வருடம்.

ரேவதிக்கு அனுப்பியது:
– முதலில் நிறம் பார். இளஞ்சிவப்பு இல்லையென்றால் சேர்மம் உதிர்ந்துவிட்டது, நிறுத்து.
– உறையவை, காற்றை உறிஞ்சு, உருகவிடு. மூன்று முறை. ஆக்சிஜன் இருந்தால் வினை ஓடாது.
– 70 டிகிரி.
– மூடி இறுக்கமாக. (அவளுக்குத் தெரியாததா. இருந்தாலும்.)

ஜூன் 4, புதன்

பத்து மணியிலிருந்து கரண்ட் இல்லை. நைனாவுக்கு விசிறிக்கொண்டே கடிகாரம் பார்த்தேன். அங்கே இந்நேரம் வினை ஓடிக்கொண்டிருக்கும்.

"அங்க இன்னாதாம்மா செய்ற நீ?" என்றார்.

சொல்லிப் பார்த்தேன். சாதாரண முறையில் சங்கிலிகள் கண்டபடி வளர்ந்து, ஒன்றோடொன்று முட்டி நின்றுவிடும். ஒன்று நீளம், ஒன்று குட்டை. இந்தச் சேர்மம் ஒவ்வொன்றையும் மாறி மாறிப் பிடித்து விடுவதால் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் வளரும். எங்கே நிறுத்துவது என்பது நம் கையில். என்னுடையது தண்ணீரில் சிறு உருண்டையாகத் திரண்டு உள்ளே மருந்தைச் சுமக்கும்.

என் கையிலிருந்த விசிறியை வாங்கிக்கொண்டார். பிறகு, "அதுக்குத்தான் போனையே பாத்துனுகிறியா" என்றார்.

ஜூன் 5, வியாழன்

மாத்திரை. பால். வெண்டைக்காய்.

பஸ் ஸ்டாண்டில் பாண்டி வண்டி. "திண்டிவனம், பாண்டி, ஏறு ஏறு." அது கிளம்பும் வரை நின்றேன், கையில் பால். வாக்குவம் பம்பின் சத்தத்துக்கு ஏங்குவேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். திரவ நைட்ரஜன் ஊற்றும்போது எழும் வெள்ளைப் புகை. என் ஸ்டூல், ஒரு கால் ஆடும். அதில் இப்போது யாரோ.

ராஜகிரிக் கோட்டை மலை மேல் மேகம். மழை இல்லை.

ஜூன் 6, வெள்ளி

11.20. சங்கிலி நீளத்தைக் காட்டும் வரைபடம் ரேவதியிடமிருந்து வந்தது. முகடு இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது, சங்கிலி நீண்டிருக்கிறது. பழைய இடத்தில் சின்ன வால் மட்டும்.

உடனே அவளே போன். "கொஞ்சம் செத்துப்போச்சுடி. மத்ததெல்லாம் வளந்திருக்குது."

சந்தோஷம்தான். ஆனால் குடுவையை நான் பிடிக்கவில்லை. நிறத்தை நான் பார்க்கவில்லை. நன்றியை அவசரமாகச் சொல்லி முடித்தேன். அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"பாதித் தூள்தான் போட்டேன். மீதி உனக்கு வெச்சிருக்கேன், சார்கிட்ட சொல்லிட்டேன். வந்து நீயே செய்."

போனை வைத்துவிட்டேன். அப்புறம்தான் பார்த்தேன், ஸ்பீக்கரில் பேசியிருக்கிறேன். கூடத்தில் நைனா.

மாலை. துணி எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் குரல். ஓசூருக்குப் போன்.

"உன் தங்கச்சிக்கு அங்க இன்னமோ பாதி மிச்சம் இருக்குதாம். லீவு போட்டுனு வா."