எலுமிச்சம்பழம் வைத்த வண்டி

டெக்சஸ்,
ஞாயிறு காலை.

அன்புள்ள தவமணி அக்காவுக்கு,

தம்பி தர்மராசா எழுதுவது. நாங்கள் சுகம். உங்கள் முழங்கால் நோவு எப்படி? உங்கள் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இன்னும் பனி விழுகிறது என்று செய்தியில் பார்த்தேன். நான் ரெலிபோன் எடுத்தால் உங்கள் மகன் அனுஷன்தான் கதைக்கிறான். அம்மா நித்திரை என்கிறான். காலையிலும் நித்திரை, மத்தியானமும் நித்திரை. பொய் சொல்லப் பழகாத பிள்ளை, அவனைப் பழக்க வேண்டாம். அதனால்தான் எழுதுகிறேன். சரக்கு விபரம் தவிர வேறு எதுவும் தமிழில் எழுதிக் கனகாலம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடை பரவாயில்லை. எதிரே புதுக்கடைக்காரன் வெண்டிக்காயை வாங்கிய விலைக்குக் கீழே விற்கிறான். எத்தனை நாளைக்கு என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இனிப் பொங்கல் விஷயம். அந்த வண்டி எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். எங்களைப் போல கடை வைத்திருக்கும் மகாதேவன் வீட்டில் தாலிக்கொடி உட்பட எல்லா நகையும் களவு போனதிலிருந்து எங்கள் கடைக்காரர் சங்கத்தில் எல்லோருக்கும் பயம். அந்த நேரம் பார்த்து, இராணுவம் பாவித்து மிஞ்சிய கவச வண்டி ஒன்று எங்கள் ஊர்ப் பொலிசுக்கு இனாமாகக் கிடைக்கும் என்றார்கள். நகரசபையில் சிலர் எதிர்த்தார்கள். சங்கத் தலைவர் என்று நான் எழும்பி, இனாமாக வருவதை வேண்டாம் என்பவன் ஒருநாளும் வியாபாரம் செய்திருக்க மாட்டான் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வண்டி வந்தது. பின்கதவால் வரும் நகைக் கள்ளனைப் பிடிக்க இவ்வளவு பெரிய வண்டி எதற்கு என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

பொங்கலுக்கு அதைக் கடை வாசலில் கொண்டுவந்து விடச் சொல்லிக் கேட்டதும் நான்தான். பிள்ளைகள் ஏறிப் பார்க்கட்டும், பொலிசோடு உறவும் நன்றாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். என் கடை வான்கள் எல்லாவற்றையும் எலுமிச்சம்பழம் வைத்துத்தான் ஓட விட்டேன். அந்தக் கை சும்மா இருக்குமா? இதற்கும் மாலை போட்டு, சந்தனம் பூசி, ரயர்களுக்குக் கீழே பழம் வைத்தேன். இது ரயருக்கு நல்லதா என்று பொலிஸ் தலைவர் கேட்டார். எங்களுடைய இன்சூரன்ஸ் என்றேன். அவருக்கு நல்ல சந்தோஷம்.

அதோடு நின்றிருக்கலாம். எங்கள் வீட்டில் மூத்தவர் கையால்தான் ஆரத்தி எடுப்பது என்று, பண்டிகைக்கு எங்களிடம் வந்து உள்ளே பொங்கல் பானையோடு நின்ற உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் தட்டோடு வந்தீர்கள். டிரைவர் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினான்.

கூட்டத்துக்குள் தட்டு விழுந்தது எனக்குக் கேட்கவில்லை. நிருஜாதான் உங்களைத் தேடிப் பிடித்தாள். பின்னறையில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால், இரண்டு கையாலும் தலையை மூடியபடி குந்தியிருந்தீர்கள். என் மகள் தமிழில் வாய் திறக்க மாட்டாள் என்று எத்தனை தரம் குறைப்பட்டிருப்பீர்கள். அன்றைக்கு அவள் "மாமி, வாங்கோ, நான் இருக்கிறன்" என்று தமிழில்தான் சொன்னாளாம். நான் வந்தபோது ஒன்றே ஒன்று கேட்டீர்கள்.

"உதுக்கு ஏன் பூ வைச்சனீ, தம்பி?"

மறுநாளே பிளேன் ஏறிவிட்டீர்கள்.

அக்கா, ஊரில் ஆமி அத்தானை ஏற்றிப்போன நாளில் நான் வெளிநாடு வர என்று கொழும்பில் ஏஜென்சிக்காரனோடு நின்றேன். அந்த மாதிரி வண்டியை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அது ஒழுங்கை முனையில் வந்து நிற்கும்போது எப்படிச் சத்தம் போடும் என்று உங்களிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை. நீங்கள் இன்னும் பொட்டு வைக்கிறீர்கள், அதைப் பற்றியும் எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் அழுவீர்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் எனக்குத்தான் கேட்கப் பயம்.

போன கிழமை நகரசபை மறுபடியும் கூடியது. இன்னொரு வண்டி எடுக்கப் போகிறார்களாம். எதிர்த்துக் கதைக்கத்தான் போனேன். பெயரைக் கூப்பிட்டார்கள், எழும்பினேன். முன்வரிசையிலிருந்து பொலிஸ் தலைவர் சிநேகமாகத் தலையாட்டினார். பக்கத்தில் மகாதேவன் இருந்தார். திருவிழாக்களுக்குக் கொண்டு வராமல் விட்டால் நல்லது என்று மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். எனக்குக் கடை இருக்கிறது, அக்கா. இதையும் மறைத்தால் இந்தக் கடிதத்தால் என்ன பிரயோசனம்? இரண்டாவதும் வரப் போகிறது.

நிருஜாவின் கலியாணம் வைகாசியில். ஆரத்திக்கு மாமி வராவிட்டால் மணவறையில் ஏற மாட்டேன் என்கிறாள். என் பிடிவாதம்தான் அவளுக்கும்.

விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் பொலிஸ் நிலைய முற்றத்தில்தான் அந்த வண்டி நிற்கிறது. நான் வேறு பாதையால் கார் ஓடிப் பார்த்துவிட்டேன். டோல்வேயில் ஏறி, பிளானோ ஊரைச் சுற்றிப் பின்பக்கத்தால் வரலாம். டோல் கட்ட மனமில்லாமல் சிக்னல் சிக்னலாக நின்று போகிறவன் என்று என்னைப் பார்த்துச் சிரிப்பீர்களே. இந்த முறை கட்டுகிறேன். அது உங்கள் கண்ணில் படாமல் கூட்டி வருகிறேன்.

என்னோடு கதைக்காவிட்டாலும் பரவாயில்லை, பின்சீட்டில் இருங்கள். என்னை ஆசீர்வதிக்கவும் வேண்டாம். பிள்ளையை ஆசீர்வதிக்க வாங்கோ, அக்கா.

உங்கள் தம்பி,
தர்மராசா