ஆளுக்கு இரண்டு சப்பாத்தி

21 நவம்பர் 1991, வியாழன்

எங்கள் தொழிற்சாலையில் கொட்டகை போட வந்திருக்கும் பீகார் வெல்டர்கள் பன்னிரண்டு பேரும் சோறு வேண்டாம், சப்பாத்தி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கேன்டீன் கமிட்டிச் செயலாளர் என்ற முறையில், ஆளுக்கு இரண்டு போதும் என்று சமையற்காரர் ஏழுமலையிடம் சொன்னேன். எங்கள் வீட்டில் சப்பாத்தி என்பது அப்பாவின் சர்க்கரை வியாதிக்கு இரவில் கொடுப்பது. அவர் மூன்றாவது கேட்டதில்லை.

முதலில் உட்கார்ந்த மூன்று பேரே இருபத்து நான்கையும் முடித்துவிட்டார்கள். "இன்னா சார், இது வயிறா, கோணியா?" என்றார் ஏழுமலை. மற்ற ஒன்பது பேரும் மதியம் வேலையைத் தொடவில்லை.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "கணக்குத் தெரியாத சமையற்காரன் நமக்கெதுக்குய்யா? நாளையிலேருந்து வேணாம், நீயே சொல்லிடு."

கணக்கு என்னுடையது என்று நான் சொல்லவில்லை.

சாயங்காலம் வாசலில் ஏழுமலை சைக்கிளை நிறுத்தினார். "நாளைக்கு எங்க வூட்டுக்காரியையும் இட்டுகினு வரேன் சார். கூட ஒரு ஆள் தேய்ச்சா பத்துப் பத்தா போட்டுடலாம்."

களைப்பில் சரி என்று தலையாட்டிவிட்டேன். இனி அந்த அம்மாளுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.