கழுவிய பிறகு

ஜூன் 12, புதன்

காலை ஏழு மணிக்கு வாலாஜாபாத் கறிக்கடை. கடைக்காரர் ஆட்டு முழங்கால் மூட்டைப் பையில் போட்டுக்கொண்டே, "சூப்புக்குன்னா காலோட கேப்பாங்க. நீ இன்னாம்மா மூட்டு மட்டும் கேக்குற?" என்றார். ஆராய்ச்சிக்கு என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை.

போன வாரம் இப்படி வாங்கிய மூட்டிலிருந்து எடுத்த செல்களை எண்ணி முடித்தேன். பெராக்சைடு மட்டும் ஊற்றிய தட்டில் குருத்தெலும்புச் செல்கள் நூற்றுக்கு முப்பதுதான் பிழைத்திருக்கின்றன. முதலில் ஹயலுரோனான் விட்டு, அதன்மேல் பெராக்சைடு ஊற்றிய தட்டில் எழுபத்தெட்டு! மூட்டுக்குள் இயல்பாகவே இருக்கும் வழவழப்பான பொருள் அது. தேய்கிற மூட்டில் பெராக்சைடு மாதிரி நஞ்சு பெருகிச் செல்களைக் கொல்லும்போது, அது காப்பாற்றுமா? மூன்று வருடமாக இதுதான் என் கேள்வி. "கட்டுரையா எழுதி அனுப்பிடலாம்மா" என்றார் என் வழிகாட்டி திருஞானசம்பந்தம் சார்.

சாயங்காலம் என் கூடப்பிறந்த வடிவு அக்கா வந்தாள். காந்தி ரோடு பட்டுக் கடையில் பதினெட்டு வருடமாகப் புடவை விரித்துக் காட்டுகிற வேலை. நாள் முழுக்கக் கீழே உட்காருவதும் எழுந்திருப்பதும்தான். வலது முட்டி போய்விட்டது. டாக்டர் மூட்டுக்குள் ஹயலுரோனான் ஊசி போடலாம் என்றாராம்.

"உன் மருந்துதானாமே எஸ்தரு. போட்டுக்கட்டா?"

"போட்டுக்கோக்கா."

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை நான்.

ஜூன் 20, வியாழன்

கட்டுரைக்குப் படம் போட உட்கார்ந்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன். பெராக்சைடு ஊற்றும்போது ஹயலுரோனான் தட்டிலேயேதானே இருந்தது? அந்தத் திரவமே பெராக்சைடை விழுங்கியிருந்தால்? பெராக்சைடு செல்லைத் தொடவே இல்லை என்றால்? அப்போது செல் தாங்கிக்கொண்டது என்று எப்படி எழுதுவது? முதலில் ஹயலுரோனானைக் கழுவி எடுத்துவிட்டுப் பிறகு பெராக்சைடு ஊற்றிப் பார்த்திருக்க வேண்டும். மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட நான் அதைச் செய்யவில்லை.

சாரிடம் சொன்னேன். "அடுத்த கட்டுரைல பாத்துக்கலாம்மா" என்றார்.

ஜூன் 21

அக்காவிடம் சொல்ல வேண்டும்.

ஜூன் 28, வெள்ளி

சாரிடம் கேட்காமலே செய்தேன். ஒரு மணி நேரம் ஹயலுரோனான், மூன்று முறை கழுவல், பிறகு பெராக்சைடு. பிழைத்தவை முப்பத்தொன்று. ஹயலுரோனானே விடாத தட்டில் முப்பது.

இரண்டும் ஒன்றுதான். செத்த செல்கள் சாயம் ஏறி நீலமாகக் கிடந்தன. மைக்ராஸ்கோப்பை மூடிவிட்டு வராந்தாவில் நடந்தேன் — எத்தனை சுற்று என்று தெரியவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

சர்ச்சில் அக்கா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். முழங்கால் போட முடியாமல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டே ஜெபம் பண்ணினாள். "அடுத்த சனிக்கிழமை ஊசி. ஆடித் தள்ளுபடிக்குள்ள சரியாயிடும்ல?" என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன்?

ஜூலை 6

ஊசி போட்டாகிவிட்டது.

ஜூலை 8, திங்கள்

முட்டி வீங்கி, தொட்டால் சுடுகிறது. சிலருக்கு இப்படி ஆகும், இரண்டு மூன்று நாளில் வடிந்துவிடும் என்றாராம் டாக்டர். நேற்றும் இன்றும் அக்கா கடைக்குப் போகவில்லை. பார்க்கப் போன இடத்தில், ஐஸ் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தட்டு, கழுவியது, முப்பத்தொன்று, எல்லாம்.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "எப்போ தெரியும் உனக்கு?"

"ரெண்டு வாரமாச்சுக்கா."

"ரெண்டு வாரமா என்கூட பேசிக்கினு, துன்னுக்கினுதான இருந்த? நான் டாக்டரையா கேட்டேன்? உன்னத்தான கேட்டேன்."

டாக்டர் சொல்லித்தானே போட்டாள், தட்டில் இருக்கிற செல் வேறு, முழு மூட்டு வேறு — என்னென்னவோ சொல்ல வாயெடுத்தேன். ஐஸ் பையைப் பிடுங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.

ஐயோ, சொல்லித் தொலைச்சிருக்கலாமே. அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே.

ஜூலை 15, திங்கள்

ஒரு மணி நேரம் போதுமா? ஹயலுரோனான் செல்லின் மேலிருக்கிற பிடியில், அதாவது ரிசெப்டரில், ஒட்டி, உள்ளே ஏதாவது மாற வேண்டுமென்றால் ஒரு நாளாவது வேண்டாமா? அந்த முப்பத்தொன்றையும் காட்டிச் சாரிடம் கேட்டேன். இந்த முறை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒரு மணி நேரம் வரலன்னா ஒரு நாள். அதுவும் வரலன்னா ஒரு வாரம். நெனச்சது வர்ற வரைக்கும் மாத்திக்கினே போவியாம்மா?"

சுருக்கென்றது. ஆனால் அவர் கேட்டது சரி. அங்கேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்: ஒரே ஒரு நாள். நான்கு ஆடு. எது எந்தத் தட்டு என்று தெரியாமல், என்னோடு ஆராய்ச்சிக்குச் சேர்ந்த பிரவீனா எண்ண வேண்டும். என்ன வந்தாலும் அதுதான் முடிவு.

ஜூலை 22

அக்கா போன் எடுக்கவில்லை. வீக்கம் வடிந்து வேலைக்குப் போகிறாள் என்று மாமா சொன்னார்.

ஆகஸ்ட் 29, வியாழன்

நான்காவது ஆடும் முடிந்தது. பிரவீனாவுக்குத் தட்டுகள் எல்லாமே வெறும் எண்தான். தட்டின் பெயர் எழுதிய கவரை சார் கிழித்தார். ஹயலுரோனான் விடாதவை முப்பதை ஒட்டி. ஒரு நாள் ஹயலுரோனானில் வைத்துக் கழுவியவை: ஐம்பத்திரண்டு, நாற்பத்தொன்பது, ஐம்பத்தைந்து, நாற்பத்தேழு.

எழுபத்தெட்டு இல்லை. ஆனால் முப்பதும் இல்லை. மருந்து போன பிறகும் செல் தாங்கியிருக்கிறது. பிரவீனா என்னைக் கட்டிக்கொண்டாள்.

செப்டம்பர் 19, வியாழன்

செல்லின் மேலிருக்கும் அந்தப் பிடியை முன்கூட்டியே அடைத்துவிட்டுப் பார்த்தோம். முப்பத்துமூன்று. பிடி இல்லையென்றால் கழுவிய பிறகு காப்பும் இல்லை. அப்படியானால் பழைய எழுபத்தெட்டில் ஒரு பங்கு வெளியே திரவம் செய்தது. மீதி, செல்லே தன்னைத் தயார்படுத்திக்கொண்டது. இரண்டையும் பிரித்து எழுதச் சொன்னார் சார். கழுவித் தோற்ற அந்த முப்பத்தொன்றையும் போடச் சொன்னார்.

அக்டோபர் 6, ஞாயிறு

சர்ச் முடிந்ததும் அக்காவே வந்து கையைப் பிடித்தாள். ஊசி போட்டு மூன்று மாதம் ஆயிற்று. வலி கொஞ்சம் குறைந்திருக்கிறதாம். ஊசியோடு டாக்டர் தொடைக்குப் பயிற்சியும் கொடுத்திருக்கிறார், தினமும் செய்கிறாள்.

"இது ஊசியால குறைஞ்சுதா, பயிற்சியால குறைஞ்சுதா?"

"தெரியலக்கா. உன் ஒரு முட்டிய வெச்சு யாராலயும் சொல்ல முடியாது."

"உன் ஆட்டுக்கு?"

அது தெரியும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சிரிக்கவில்லை. ஆனால் கையை விடாமல் பஸ் நிறுத்தம் வரை வந்தாள்.

நவம்பர் 13, புதன்

மதியம் தெரியாத எண்ணிலிருந்து போன். அக்கா கடையில் வேலை பார்க்கிற சுகாசினியாம். அவள் அம்மாவுக்கும் முட்டி வலியாம்.

"வடிவு அக்காதான் உங்க நம்பர் குடுத்துச்சு. 'என் தங்கச்சிய கேளு, அவளுக்குத் தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லிடுவா'ன்னுச்சு."

நான் டாக்டர் இல்லை என்று முதலில் சொன்னேன். பிறகு அவள் அம்மாவுக்கு எவ்வளவு வயது, எந்தக் கால் என்று கேட்டேன்.