விற்பனைப் பட்டியலில் இல்லாதவை

மார்ச் 4
நாங்கள் விற்கப்படுகிறோம். பன்னிரண்டு பேர், ஒரு காபி இயந்திரம், நாற்பதாயிரம் வீடியோக்கள் கொண்ட இணையதளம். வாங்குவது கடல் அளவு கம்பெனி.
என் வேலை: ஒவ்வொரு வீடியோவிலும் உள்ள பாட்டு யாருக்குச் சொந்தம் என்று பார்ப்பது. அனுமதி இருந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. சிவப்பெல்லாம் கையெழுத்துக்கு முன்பே நீக்கப்படும்.

மார்ச் 6
இத்தனை வருடம் யாரும் வழக்குப் போடவில்லையே என்று மேலாளரைக் கேட்டேன்.
"நம்மகிட்ட என்ன இருக்குன்னு போடுவான்? காய்ச்ச மரத்துலதான் கல்லு விழும். இனிமே நாம காய்ச்ச மரம்."

மார்ச் 11
பட்டியலில் இன்று அம்மா வந்தாள்.
வாஷிங் மெஷின் பழுதுபார்ப்பவள். ஆறு வருடத்தில் இருநூற்றுப் பதினான்கு வீடியோக்கள். பார்க்கிறவர்களுக்கு அவள் 'டிரம் அக்கா'. எல்லாவற்றிலும் பின்னணியில் கடை ரேடியோ, சினிமாப் பாட்டு. அனுமதி அவளிடமும் இல்லை, எங்களிடமும் இல்லை.
எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? கேட்டுக் கேட்டு அது பாட்டாகவே காதில் விழவில்லை.
பாட்டை மட்டும் பிரித்துப் பார்த்தேன். மெஷின் சத்தமும் சேர்ந்து போகிறது. அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அவள் பழுதையே சொல்வாள்.

மார்ச் 12
மேலாளர்: "உங்கம்மாவுதுதானே. பச்சையப் போட்டுட்டுப் போங்க. லேசாத்தானே கேக்குது."
கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம்.
லேசாகக் கேட்ட மற்றவர்களுக்கெல்லாம் சிவப்புப் போட்டவள் நான்.

மார்ச் 13
இருநூற்றுப் பதினான்கு சிவப்பு.

மார்ச் 14
சொல்லிவிட்டேன். அம்மா தட்டைப் பார்த்தபடி, "ஆறு வருஷம்டி" என்றாள். தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "ரேடியோவப் போட்டது நான்தானே."
அவள் என்னைக் கத்தியிருக்கலாம்.
என்னை நானே திட்டிக்கொண்டேன்: பெத்தவ உழைப்புல கை வெச்சிட்டு நேர்மையாம் நேர்மை — யாரு கேட்டா இவள?

மார்ச் 22
கடையில் ரேடியோவின் ஒயரைப் பிடுங்கிவிட்டாள். எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்கிறாள். போனைப் பிடிப்பது நான்.
"கை ஆடுது பாரு. படிச்ச கை."
மூன்று முடிந்தன. எங்கே ஏற்றுவது என்றேன்.
"என்ன அவசரம்? எங்கிட்டயே இருக்கட்டும்."

ஏப்ரல் 30
கம்பெனி கைமாறியது. வீடியோ ஏற்றும்போது எல்லோரும் 'சம்மதம்' என்று தட்டியிருந்தார்கள். தளத்தை யார் வாங்கினாலும் வீடியோவைப் பயன்படுத்தும் அந்த அனுமதி அவர்களுக்குப் போகும் என்று விதிமுறையில் ஒரே ஒரு வரி. ஆகவே யாரையும் கேட்கவில்லை.
அம்மாவுடையவை நீக்கப்பட்டவை. பட்டியலில் இல்லை. அதாவது, விற்கப்படவில்லை.
இதை நான் முன்பே யோசித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை. யோசிக்கவில்லை.

மே 19
டிரம் அக்கா எங்கே என்று கேட்டுப் பார்வையாளர்கள் பிய்த்தெடுக்கிறார்களாம். அவள் வீடியோக்களைக் கேட்டு, புது கம்பெனியிடமிருந்து அம்மாவுக்கு ஒப்பந்தம் வந்தது, ஒன்பது பக்கம். ஒவ்வொரு வரியாக என்னை வாசிக்கச் சொன்னாள். 'நிரந்தரமாகவும், எவருக்கும் மாற்றித் தரும் உரிமையோடும்' — அங்கே நிறுத்தினாள்.
"எவருக்கும்னா?"
"நாளைக்கு இவங்களையும் யாராவது வாங்கினா, அவங்களுக்கும்."
"மெஷினுக்கே ரெண்டு வருஷம்தான் கேரண்டி தர்றான். இவனுக்கு மட்டும் நிரந்தரமா?"
அந்த வரியை அடித்துவிட்டுத் தன் கையால் எழுதினாள்: இரண்டு வருடம். வேறு யாருக்குத் தந்தாலும் என்னைக் கேட்க வேண்டும்.
"ஒத்துக்க மாட்டாங்கம்மா."
"போகட்டும். ஊர்ல மெஷின் கெடாமலா இருக்கப்போகுது?"
சட்டம் படித்தவர்கள் ஒன்பது பக்கம் எழுதினார்கள். அவள் இரண்டு வரி எழுதினாள். அந்தப் பக்கத்தைப் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டேன். யாரிடமாவது காட்ட வேண்டும்.

ஜூன் 8
ஒப்பந்தம் திரும்பி வந்துவிட்டது. அம்மாவின் கோணல் எழுத்துக்குப் பக்கத்தில் அவர்களுடைய சுருக்கக் கையெழுத்து. இரண்டு திருத்தங்களிலும்.
கடைக்கு எடுத்துப்போனேன். ஒரு மெஷினுக்குள் தோள்வரை கையை விட்டிருந்தாள்.
"ஒத்துக்கிட்டாங்கம்மா."
"ம். அப்படி வை. கையெல்லாம் கிரீஸ்."
ஈரம் படாத இடமாகத் தேடி வைத்தேன்.