சாவியும் இரண்டு பட்டியலும்

4 மார்ச் 1974, திங்கள்

வெயில் ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரி லேபில் மின்விசிறி ஓடவில்லை, மூன்றாவது நாள்.

டாக்டரின் ஆராய்ச்சி இன்று தொடக்கம். காய்ச்சலில் வலிப்பு வரும் பிள்ளைகளுக்கு நோயை எதிர்க்கும் சக்தி குறைவா என்று பார்க்கிறார். இரண்டு பட்டியல். 'வ': காய்ச்சலோடு வலிப்பு. 'கா': வெறும் காய்ச்சல். இரத்தம் எடுப்பதும் வெள்ளணு எண்ணுவதும் நான். மீதி ஐஸ் பெட்டியில் மெட்ராஸுக்கு, பஸ்ஸில்.

வாங்க: பஞ்சு, ஸ்பிரிட். வீட்டுக்குத் துவரம்பருப்பு.

6, புதன்

பிள்ளையார்பாளையத்து நெசவுக்காரர் மனைவி, பெயர் செல்வி. இரண்டு வயதுப் பையன், 102.

"வெறும் காய்ச்சல்தாம்மா."

பையன் கையில் இரும்புச் சாவி. வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிப்பது இந்த ஊர் வழக்கம். அதனால் ஒன்றும் ஆவதில்லை.

"சாவி எதுக்கு?"

"வெளாட்டுக்கு வெச்சிக்கினு இருக்கான்."

கண்ணே திறக்காதவன் விளையாடுகிறானாம். அதட்டினேன். அழுதுவிட்டாள். "தறியாண்ட படுக்க வெச்சிருந்தேன் நர்சம்மா. திடீர்னு வெட்டி இழுத்துச்சி. வெளிய தெரிஞ்சா ஒரு மாதிரி பேசுவாங்க."

லேப்காரி நர்சம்மா ஆகிவிட்டேன். 'வ' பட்டியலில் ஏற்றினேன். ஒரு பட்டியலில் பொய் கலந்தால் இரண்டும் பொய் என்று பிரசங்கம் வேறு செய்தேன். ஊருக்கு உபதேசம்.

9, சனி

சாந்திக்கு மதியத்திலிருந்து 103. மூன்று வயது, என் ஒரே பெண். அரைநாள் லீவு போட்டேன். ஈரத்துணி போடும்போதே கண் மேலே சொருகியது. கைகால் வெட்டியது. எத்தனை நிமிடம், தெரியாது. கடிகாரம் எதிரில்தான் இருந்தது. செத்துப்போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் பீரோச் சாவியை அவள் கையில் வைத்து அழுத்தினார். நான் தடுக்கவில்லை.

ரிக்‌ஷாவில் அவர்: "வலிப்புன்னு சொல்லாதே வசந்தா. நம்ம ஜைனருங்க இருக்கிறதே நாலஞ்சு ஊரு. காதுக்குக் காது போயிடும். நாளைக்கு எவன் பொண்ணு கேட்டுக்கினு வருவான்?"

டாக்டரிடம் காய்ச்சல் என்று மட்டும் சொன்னேன். இரத்தம் நானே எடுத்தேன். நானே எண்ணினேன். 'கா', ஏழாவது பெயர்.

11, திங்கள்

சாந்திக்கு 100. வார்டில் கஞ்சி குடித்தாள். சாவியை விடமாட்டேன் என்கிறாள். அவர் வேறு, "பீரோவைத் தெறக்கணும், எப்ப தருவே?" என்கிறார்.

டாக்டர் 'கா' பட்டியலைப் பார்த்துவிட்டு: "உங்க பொண்ணுக்கு மட்டும் வெள்ளணு எக்கச்சக்கம். வலிப்பு வந்தா உடனே கொஞ்ச நேரம் இப்படி ஏறும். அவளுக்குத்தான் வலிப்பு இல்லையே. அப்ப உள்ள எங்கேயோ சீழ் இருக்கணும். நாளைக் காலையிலேர்ந்து பெனிசிலின் ஆரம்பிச்சிடலாம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு ஊசி. இல்ல, எண்ணினது தப்பா?"

"சரியாத்தான் எண்ணினேன் சார்."

வலிப்பு வந்ததைச் சொல்லாமலே லேபுக்குத் திரும்பினேன். பயந்தாங்கொள்ளி நான்.

12, செவ்வாய்

காலை ஆறு மணிக்கு முதல் ஊசி. அலறினாள். நான்தான் கால்களைப் பிடித்துக்கொண்டேன்.

ஒன்பது மணிக்குச் செல்வி பையனோடு வீட்டுக்குக் கிளம்பினாள். சொல்லிக்கொண்டு போக வந்தவள் சாந்தி கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். அப்புறம் என்னை.

"உங்க வீட்லயும் சாவிதானா நர்சம்மா?"

போர்வையை இழுத்துச் சாவியை மூடினேன்.

"எம் பையனுக்கு ஊசியே போடல. தானா அடங்கிப்போச்சி. பாப்பாவுக்கு எதுக்கும்மா ஊசி?"

கேலி இல்லை. நிஜமாகவே கேட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

பன்னிரண்டு மணி ஊசிக்கு முன் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டியிருந்தால் தேவலை. ஊசியை நிறுத்தச் சொல்லி எழுதினார். "பட்டியலை மாத்திடுங்க" என்றார்.

'கா' பட்டியலில் ஏழாவது பெயரை அடித்தேன். 'வ' பட்டியலில் செல்வியின் பையனுக்குக் கீழே: சாந்தி, பெண், வயது 3. அடுத்த கட்டம் தகப்பன் பெயர். முழுப் பெயரும் எழுதினேன்.

ஐந்து மணிக்கு அவர் வருவார், சாவியை வாங்கிக்கொண்டு போக.