சிவத்தி தின்ற முதல் பிடி

மச்சாள்,

இன்று காலை மரவள்ளி இலைத்தூள் சாக்கை அவிழ்த்தேன். காய்ந்த இலையின் மணம் மூக்கில் ஏறியதும் உங்களிடம் ஓடிவந்து சொல்லவேண்டும்போல் கால் பரபரத்தது. கூட்டில் கோழிகள் கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரே சத்தம். முட்டையை உடைத்தால் மஞ்சள் கரு எப்படி இருக்கிறது தெரியுமா? பழுத்த பப்பாசி நிறம்.

அன்றைக்கு நாம் இருந்த இருப்பு என்ன! கடைத் தீனின் விலை ஏறிக்கொண்டே போனது. சோயாப் புண்ணாக்குப் பக்கம் போகவே ஏலாது. கோழிகளை விற்றுவிடுவோம் என்று நான் அழ, நீங்கள் வேலியோர மரவள்ளியைக் காட்டினீர்கள். "இலையிலயும் சத்து இருக்காம். காயவைச்சுக் குடுப்பம்." நஞ்சும் இருக்கிறதே என்றேன். "காஞ்சால் போயிடும். சல்லிக் கடற்கரையில பிறந்தவளுக்குக் காயவைக்கப் படிப்பிக்கிறியோ?"

கருவாடு காயவைக்கும் தட்டியில் முழு இலையாகவே பரப்பினீர்கள். கடற்கரை வெயிலில் ஒரே பகலில் பப்படமாய் நொறுங்கியது. உங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அதைத் தின்ற கோழிகளில் இரண்டு அன்றே சுருண்டு விழுந்தன. நீங்கள் குசினிக்குள் போய்விட்டீர்கள்.

அங்கே அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது, நம் வீடுகளின் வழக்கப்படி சட்டியை மூடாமல். அகப்பையோடு வெளியே வந்தீர்கள். "இஞ்ச வாடி. கிழங்கை வெட்டி, திறந்து வைச்சு ஏன் அவிக்கிறம்? நஞ்சு வெளியால போகத்தானே. இலையை முழுசா வைச்சு அவசரமாக் காயவைச்சால் அது எங்கால போறது?"

கால்நடை வைத்தியரிடம் கேட்டோம். ஓம், அதுதான் பிழை என்றார். தீனில் கொஞ்சமாகத்தான் கலக்கவேண்டும் என்றும் சொன்னார். இலையைப் பொடியாக வெட்டி, கசக்கி, நிழலில் வாடவிட்டு, பிறகுதான் வெயில் காட்டினோம்.

யாருக்கு முதலில் கொடுப்பது? நான் கிழட்டுச் சேவலைக் காட்டினேன். நீங்களோ உங்கள் செல்லக்கோழி சிவத்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டீர்கள். "என்ர கைதானே பிழை விட்டது. என்ர கோழிதான் தின்னோணும்." அது கொத்தி முடித்தபிறகு நீங்கள் பொழுதுபடும்வரை கூட்டடியை விட்டு அசையவில்லை. மறுநாள் காலை சிவத்தி முட்டையிட்டுக் கேறியது. ஊர் முழுக்கக் கேட்கச் சத்தம் போட்டது கோழியா, நீங்களா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

கரு இந்த நிறத்துக்கு வருமுன்பே காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. எனக்கு அதுதான் கோபம், மச்சாள். ஒரு முட்டையாவது பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். இப்போது குச்சவெளியிலிருந்து பெண்கள் பஸ் ஏறி வருகிறார்கள், இலைத்தூள் செய்யப் பழக. அவர்களுக்கு முதலில் அந்த மூடாத சட்டியைத்தான் காட்டுகிறேன்.

சிவத்தி இப்போது முட்டையிடுவதில்லை. நேற்று என் வீட்டுக்காரர், உங்கள் தம்பிதான், கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தார். "கிழடு, கறிக்கெண்டாலும் உதவட்டும்."

"ஏலாது" என்றேன். அவரும் உங்கள் முகத்தை நினைத்திருப்பார் போல, கத்தியைக் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

புதுச் சாக்கு அவிழ்த்தால் முதல் பிடி சிவத்திக்குத்தான், அதுவும் மடியில் வைத்துத்தான். எத்தனை சாக்கு அவிழ்த்தாயிற்று. ஆனாலும் இன்று காலையும், அது கொத்தி முடித்தபிறகு கொஞ்ச நேரம் கூட்டடியை விட்டு நான் அசையவில்லை.