அக்கா கேள்வி கேட்டுட்டு நிக்கற நேரம்

என் கோவக்கார அக்காவுக்கு,

சாப்பாடு மேசை மேல மூடி வெச்சிருக்கேன். ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடு. என்கூடப் பேசணும்னு இல்ல, இதைப் படிச்சாப் போதும்.

காலேஜ்ல உன் வகுப்பு நேரத்தைக் குறைச்சதும், "பாடத்தை வீடியோவா வீட்ல பார்க்கட்டும், வகுப்புல கணக்கு மட்டும் போடலாம்"னு சொன்ன. சந்தோஷத்துல நான் குதிச்ச குதி இருக்கே! எடிட்டிங்கை நெட்ல பார்த்து நானே கத்துக்கிட்டவ, சும்மா விடுவேனா? உன் பாட வீடியோல, நீ கேள்வி கேட்டுட்டுப் பேசாம நிக்கற இடத்தையெல்லாம் வெட்டித் தள்ளினேன். வீடியோ ராக்கெட் மாதிரி பறந்துச்சு! பசங்களுக்கு ஒண்ணும் புரியலைன்னு நீ வந்து சொன்னப்ப, "வீடியோ பத்தி உனக்கு என்னக்கா தெரியும்?"னு... சரி, அதை விடு.

இன்னைக்கு மாஸ்க் போட்டுட்டு உன் வகுப்புல கடைசி பெஞ்சுல உக்காந்தேன். கேள்வி கேட்டுட்டு நீ சாக்பீஸை உருட்டிட்டே நின்ன. எனக்கு வெட்டணும்னு கை பரபரத்துச்சு. பக்கத்துல ஒரு பொண்ணு கணக்கைப் போட்டா, அடிச்சா, மறுபடி போட்டா. ரொம்ப நேரம் கழிச்சுக் கையைத் தூக்கினா.

"தப்பா இருந்தா திட்டாதீங்க மிஸ்."

"திட்டறதுக்கெல்லாம் நேரமில்லம்மா, சொல்லு."

வகுப்பே சிரிச்சுச்சு. அவ விடை சரி!

அவ யோசிக்கற நேரத்தைத்தான் நான் வெட்டியிருக்கேன்க்கா.

எல்லாத்தையும் திரும்பச் சேர்த்துட்டேன். வீடியோ நீளமாயிடுச்சு. அதனால, உன் பேர் நெருப்புல எரிஞ்சு வருமே, நான் ஆசை ஆசையா செஞ்ச ஆரம்பம், அதைத் தூக்கிட்டேன். உயிரே போச்சு.

பசங்களுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாரு. இன்னும் எங்க வெட்டணும்னு நீயே சொல்லு.

உன் முதல் ரசிகை